பால் சேம்பர்ஸிடம் பேஸ் கற்பது: ஒரே ஒரு கோரஸைக் காதால் எடுக்கும் முழு வழிமுறை

ஜாஸ் பேஸ் கற்க வருகிறவர்களில் பலரும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, முதல் ஸ்வரத்திலிருந்து வரிசையாக எழுதத் தொடங்குவார்கள். மூன்றாவது பாரில் (பார் என்பது இங்கே நான்கு பீட் கொண்ட ஒரு தாளக் கட்டம்) ஒரு ஸ்வரம் பிடிபடாது. அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டுக் காது மரத்துப்போகும். பிறகு யாரோ எழுதி வைத்ததை இணையத்தில் தேடப் போய்விடுவார்கள். பெரும்பாலும் காதில் கோளாறு எதுவும் இருக்காது, வேலை செய்த வரிசையில்தான் கோளாறு.

கேட்பது, பாடுவது, வாசிப்பது, எழுதுவது, எழுதியதைக் கேள்வி கேட்பது என்ற வரிசையில் போனால் பாதி முட்டுக்கட்டைகள் வருவதே இல்லை. அந்த வரிசையை இங்கே ஒரு பதிவை வைத்துச் செய்து பார்க்கலாம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பில் உள்ள ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’தான் பதிவு. அதில் பேஸிஸ்ட் பால் சேம்பர்ஸ் வாசித்த வாக்கிங் பேஸிலிருந்து (பிறருக்குப் பின்னால், பெரும்பாலும் பீட்டுக்கு ஒரு ஸ்வரமாக நடக்கும் வரி) ஒரு கோரஸ், அதாவது பாட்டின் படிவம் முழுவதும் ஒரு சுற்று, இங்கே பன்னிரண்டு பார், நமக்குப் போதும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு தந்தி பேஸ் கிதார் இருந்தாலே போதும். டபுள் பேஸுக்கும் அதற்கும் ஒரே டியூனிங்தான்: ஈ, ஏ, டி, ஜி. சேம்பர்ஸ் வாசித்தது டபுள் பேஸில், ஆனால் ஸ்வரங்களை எடுக்க அந்த வாத்தியமே வேண்டும் என்பதில்லை.

காதை மூடும் நல்ல ஹெட்போன் கட்டாயம். பேஸின் அடித்தந்தி ஈ ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வெளியே வராது, மேலே உள்ள ஓவர்டோன்கள் (அடி ஸ்வரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல் ஒலிகள்) மட்டுமே கேட்கும். மூளை அவற்றை வைத்து ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும், ஆக்டேவைத்தான், அதாவது எந்த ஸ்தாயி என்பதைத்தான், தவறவிடும்.

ஒரு பகுதியை லூப்பில் ஓட்டவும், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கவும் தெரிந்த மென்பொருள் ஒன்று வேண்டும். இலவசமான ஆடாசிட்டியே போதும். ‘டிரான்ஸ்கிரைப்’ என்ற பெயரிலேயே இதற்கென்று எழுதப்பட்ட கட்டண மென்பொருளும் உண்டு. நிறையச் செய்யப் போகிறவர்கள் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கருவிகளைவிட முக்கியமான ஒன்று: பி ஃபிளாட் 7, ஈ ஃபிளாட் 7, எஃப் 7, ஏ ஃபிளாட் 7 ஆகிய நான்கு கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களின்) ரூட் (அடி ஸ்வரம்), அதிலிருந்து எண்ணும் தேர்ட், ஃபிஃப்த், செவன்த் ஸ்வரங்களைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும். அது வராவிட்டால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பன்னிரண்டில் ஒன்றாகத் தேட நேரும். வந்துவிட்டால் முதலில் நான்கைந்தில் தேடினாலே போதும். இந்த அடித்தளம் இல்லாதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வரட்டும். அவசரப்பட்டு உள்ளே வந்தவர்கள் யாரும் ஆறாவது பாரைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

2. எந்தப் பதிவு, எந்தக் கோரஸ்

புதியவர்கள் பேஸ் சோலோவைத்தான் முதலில் தொடுவார்கள். அது வேண்டாம். சேம்பர்ஸின் சோலோக்கள், குறிப்பாக வில்லால் இழுத்து வாசித்தவை, அழகானவைதான். ஆனால் ஒரு பேஸிஸ்ட் மேடையில் பெரும்பாலான நேரம் செய்வது பிறருக்குப் பின்னால் நடப்பது. அந்த நடையில் பெரும்பாலும் பீட்டுக்கு ஒரு ஸ்வரம் என்பதால் தாளக் குழப்பமும் குறைவு.

‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பி ஃபிளாட்டில் அமைந்த 12 பார் ப்ளூஸ். நடுத்தர வேகம். முதல் நான்கு பார் பி ஃபிளாட் 7, அடுத்த இரண்டு ஈ ஃபிளாட் 7, மீண்டும் இரண்டு பி ஃபிளாட் 7, ஒன்பதாவது எஃப் 7, பத்தாவது ஈ ஃபிளாட் 7. பதினொன்றிலும் பன்னிரண்டிலும்தான் ஆட்கள் வழுக்குவார்கள். வழக்கமான ப்ளூஸ் வீட்டுக்கு, அதாவது தொடங்கிய கார்டுக்கு, திரும்பும் இடத்தில் இந்தப் பாட்டின் மெட்டு ஏ ஃபிளாட் 7-க்குப் போகிறது. இது தெரியாமல் உட்கார்ந்தால், காது சரியாகச் சொல்வதையே தப்பு என்று நினைத்து அடித்துவிடுவீர்கள்.

மெட்டு முடிந்ததும் முதலில் வின்டன் கெல்லியின் பியானோ சோலோ, அடுத்து மைல்ஸின் டிரம்பெட். மைல்ஸுக்குப் பின்னால் வரும் ஒரு கோரஸைத் தேர்ந்தெடுங்கள். அவர் நிறைய இடைவெளி விட்டு வாசிப்பார், அந்த இடைவெளிகளில் பேஸ் தெளிவாக வெளியே வரும். பியானோ சோலோவின்போது கெல்லியின் இடது கை பேஸோடு மோதும்.

3. சுருதியைச் சரிபாருங்கள்

இதை விட்டுவிட்டுப் போனால் பின்னால் செய்யும் எல்லாமே ஆட்டம் காணும். இந்தப் பாட்டு 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், கொலம்பியாவின் 30-வது தெரு ஸ்டூடியோவில் பதிவானது. அன்று ஓடிய முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமாகவும், சுருதி கூடியும் கேட்கும். அதனால் பழைய இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் ஏறத்தாழ அரை செமிடோன் (செமிடோன் என்பது பேஸ் கிதாரில் ஒரு ஃப்ரெட் தூரம்) ஏறியே வெளிவந்தது. 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள்.

இப்போது கிடைக்கும் அதிகாரபூர்வ வெளியீடுகள் பெரும்பாலும் திருத்தப்பட்டவை. பழைய இசைத்தட்டிலிருந்து யாரோ எடுத்த கோப்பு உங்களிடம் இருந்தால் சிக்கல். பி ஃபிளாட்டா பி-யா என்று தெரியாமல் நடுவில் தொங்குவீர்கள்.

டியூனர் வைத்து ஏ 440-க்குச் சேர்த்த பேஸில் பி ஃபிளாட்டை அழுத்தி, பதிவின் முதல் பாரோடு ஒப்பிடுங்கள். உரசினால், ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றும் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ கொண்டு சிறிது சிறிதாகக் குறையுங்கள். ‘சேஞ்ச் பிட்ச்’ இந்த இடத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் பிழை நடந்தது வேகத்தில். உங்கள் வாத்தியத்தைப் பதிவுக்கு ஏற்ப முறுக்குவதும் ஒரு வழிதான். ஆனால் நாளை இன்னொரு பாட்டுக்கு மீண்டும் முறுக்க வேண்டியிருக்கும்.

4. ஒலியைத் தயார்செய்வது

தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பாரைத் தனியாக வெட்டிச் சேமியுங்கள். அதிலிருந்து இன்னும் இரண்டு பிரதிகள்: ஒன்று 70 சதவீத வேகத்தில், இன்னொன்று ஒரு ஆக்டேவ், அதாவது 12 செமிடோன், மேலே ஏற்றியது.

ஆக்டேவ் ஏற்றுவதற்குக் காரணம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் அருகே இரண்டு ஸ்வரங்களின் வித்தியாசத்தைக் காது சரியாகப் பிரிப்பதில்லை. இரட்டிப்பாக்கினால் அதே வரி செல்லோ போலத் துலங்கும். சந்தேகமான ஸ்வரங்களுக்கு மட்டும் இந்தப் பிரதி. ஆக்டேவைத் தீர்மானிப்பது மூலப் பதிவை வைத்துத்தான்.

70-க்குக் கீழே போகாதீர்கள். 50 சதவீதத்தில் பேஸின் தட்டு கரைந்து, ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போகும். பிடிபடாத ஸ்வரத்தை இன்னும் மெதுவாக்கினால் பிடிபடும் என்பது வெறும் நம்பிக்கை. பல சமயம் முழு வேகத்தில், வரியின் ஓட்டத்தில்தான் அது விளங்கும்.

வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் (டீமக்ஸ், மாய்சஸ் போன்றவை) இப்போது எல்லாரிடமும் இருக்கின்றன. பயன்படுத்துங்கள், முழுக்க நம்பாதீர்கள். பியானோவின் கீழ் ஸ்வரங்களும் டிரம்ஸின் கிக்கும் பேஸ் தடத்துக்குள் கசியும். பேஸின் மேல் ஓவர்டோன் சில இடங்களில் காணாமல் போகும். பிரித்த தடத்தில் கேட்ட ஒவ்வொன்றையும் மூலத்தில் ஒருமுறை உறுதிசெய்யுங்கள்.

ஈக்வலைசரில் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே குறைத்தால் சிம்பல் இரைச்சல் விலகும். அதற்கும் கீழே வெட்டிக்கொண்டே போனால் ஸ்வரத்தை அடையாளம் காட்டும் ஓவர்டோன்களும் சேர்ந்து போய்விடும்.

5. வாத்தியத்தைத் தொடாமல் எண்ணுங்கள், பாடுங்கள்

முதல் சில நாள் பேஸ் உறையிலேயே இருக்கட்டும். கோரஸை ஓடவிட்டு, விரலால் பார்களை எண்ணுங்கள். ஐந்தாவது பார், ஒன்பதாவது பார், பதினொன்றாவது பார் வரும்போது யோசிக்காமல் தலை அசைய வேண்டும். படிவம் உடம்பில் ஏறாதவர்கள் பின்னால் ஒரு பாரைத் தவறவிட்டு, எழுதியதையெல்லாம் ஒரு கட்டம் தள்ளி வைத்துவிடுவார்கள்.

அடுத்தது வரியைப் பாடுவது. அவ்வளவு கீழே குரல் போகாது, ஒன்றோ இரண்டோ ஆக்டேவ் மேலே பாடலாம். ஜாஸ் பியானோக் கலைஞரும் ஆசிரியருமான லென்னி டிரிஸ்டானோ தன் மாணவர்களை லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் போன்றோரின் சோலோக்களை வாத்தியத்தில் தொடும் முன் பாடச் சொன்னவர். விரலுக்குப் பழகிய தடங்கள் உண்டு. கேட்டது அரைகுறையாக இருந்தால் விரல் அந்தத் தடத்தில் போய் இடைவெளியை நிரப்பிவிடும். பாடும்போது தெரியாத இடத்தில் குரல் நின்றுவிடும். எது தெரியவில்லை என்பது அப்போதே வெளிச்சமாகும்.

கர்நாடக இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு இங்கே ஒரு அனுகூலம். பி ஃபிளாட்டை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நான்கு கார்டின் ரூட்டுகளும் ஸ, ம, ப, நி (சுத்த மத்யமம், கைசிகி நிஷாதம்) என்று அமைந்துவிடும். கார்ட் மாறினாலும் ஸட்ஜத்தை நகர்த்தாதீர்கள். கமகமும் வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு மத்யமங்கள் வந்தால் ராக நாக்கு முரண்டு பிடிக்கும், அதை மீறி நேராகப் பாடுங்கள். பின்னால் பார்க்கப்போகும் க்ரோமாட்டிக் ஸ்வரங்கள் (கார்டிலும் ஸ்கேலிலும் சேராதவை) அவைதான்.

6. முதலில் ஒன்றாவது பீட், பிறகு நான்காவது, கடைசியில் நடுவிலுள்ள இரண்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் ஒவ்வொரு பாரின் முதல் பீட் மட்டும். பன்னிரண்டு ஸ்வரங்கள், அவ்வளவுதான். கார்ட் மாறும் இடங்களில் ரூட் வர வாய்ப்பு அதிகம், அவை சீக்கிரம் கிடைக்கும். முதல் நான்கு பாரும் ஒரே கார்ட் என்பதால் நான்கு முறையும் பி ஃபிளாட்டே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். தேர்டிலோ ஃபிஃப்த்திலோ ஒரு பார் தொடங்கலாம். எதிர்பார்த்ததை எழுதிவிடுவதுதான் இந்தச் சுற்றின் பெரிய தப்பு.

இரண்டாவது சுற்றில் நான்காவது பீட். ஏன் அடுத்த பீட்டுக்குப் போகாமல் இங்கே தாவுகிறோம்? வாக்கிங் பேஸில் நான்காவது பீட்டின் வேலை அடுத்த பாரின் முதல் ஸ்வரத்துக்கு வழிவிடுவது. போய்ச் சேரும் இடம் ஏற்கெனவே தெரியும் என்பதால், அதற்கு ஒரு செமிடோன் மேலேயா, கீழேயா, ஸ்கேலில் ஒரு படியா, ஃபிஃப்த் தாவலா என்று நான்கு சாத்தியங்களைச் சோதித்தால் அநேகமாக முடிந்துவிடும்.

மூன்றாவது சுற்றில் இரண்டும் மூன்றும். இருபுறமும் கரை தெரிந்தபின் நடுவில் இரண்டு அடிதான் பாக்கி. ஏறுகிறதா இறங்குகிறதா என்று முதலில் திசையைத் தீர்மானியுங்கள், ஸ்வரம் தானாக வந்து சேரும்.

பிடிபடாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். அதே இரண்டு விநாடியைத் தொடர்ந்து கேட்டால் காது எதை வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் கேட்டால் பாதிக் கேள்விக்குறிகள் தீர்ந்திருக்கும்.

திரையிசைப் பாடல்களின் பேஸை எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே முதல் சரணத்தில் மங்கலாகக் கேட்டதை இரண்டாவது சரணத்தில் சரிபார்க்கலாம், ஏனென்றால் பெரும்பாலும் ஒரே வரிதான் திரும்ப வரும். இங்கே அந்தத் தந்திரம் பலிக்காது. அடுத்த கோரஸில் சேம்பர்ஸ் வேறு வரி வாசித்திருப்பார்.

7. வாத்தியத்தில் ஏற்றுவது

இப்போது பேஸை எடுங்கள். கீழ் பொசிஷனிலிருந்தே தொடங்குங்கள்: ஏ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் பி ஃபிளாட், டி தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஈ ஃபிளாட், ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் எஃப், அதன் நான்காவதில் ஏ ஃபிளாட். டபுள் பேஸில் வாக்கிங் வரிகள் பெரும்பாலும் கழுத்தின் கீழ்ப்பகுதியில்தான் நடக்கும், திறந்த தந்திகளும் தாராளமாக வரும். பேஸ் கிதார்க்காரர்கள் பழக்கதோஷத்தில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்வரம் அதேதான், ஆனால் தந்தி கனமாகி, ஒலியின் குணம் மாறிவிடும்.

ஆக்டேவ் பிழை இங்கேதான் மாட்டும். கீழ் பி ஃபிளாட்டும் ஜி தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் பி ஃபிளாட்டும் தனியாகக் கேட்டால் ஏமாற்றும். முன்னும் பின்னும் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். கை காரணமில்லாமல் தூரம் தாவினால் ஆக்டேவைச் சந்தேகியுங்கள். திறந்த ஈ-க்குக் கீழே ஒரு ஸ்வரம் கேட்டதாகத் தோன்றினால் அது நிச்சயம் பிழை, இந்த டியூனிங்கில் அதற்குக் கீழே ஸ்வரமே கிடையாது.

டபுள் பேஸில் ஃப்ரெட் இல்லை. ஒரு ஸ்வரம் மயிரிழை ஏறியோ இறங்கியோ இருந்தால் அதைத் தனி ஸ்வரமாக எழுத வேண்டியதில்லை. அது எங்கே போகிறது என்பதை வைத்து முடிவுசெய்யுங்கள்.

8. இப்போது எழுதுங்கள்

எழுதுவது மறக்காமல் இருக்கவும், அடுத்து ஆராயவும் மட்டும். ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோடுகளில் எழுதும் முறை) எழுதினால் நல்லது, ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். டாப் முறையில் ஃப்ரெட் எண்கள் மட்டுமே தெரியும், வரியின் வடிவம் தெரியாது. பேஸுக்கான ஸ்டாஃபில் ஒலிப்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலே எழுதுவது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள். மியூஸ்ஸ்கோரில் வாத்தியமாக ‘டபுள் பேஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு வரிக்கு நான்கு பார், மூன்று வரி. ஸ்வரமில்லாமல் தட்டு மட்டும் கேட்கும் இடங்களுக்குப் பெருக்கல் குறி. கேள்விக்குறிகளை அழித்து அழகுபடுத்தாதீர்கள்.

பிறர் எழுதியதைப் பார்க்க இப்போது அனுமதி உண்டு. வேறுபாடு இருந்தால் உடனே உங்களுடையதை அடிக்க வேண்டாம், பதிவில் போய்க் கேளுங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் ஆக்டேவ் பிழையும், கார்டுக்கு ஏற்ப ‘திருத்தப்பட்ட’ ஸ்வரங்களும் சகஜம்.

9. ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஏன் என்று கேட்பது

பலர் எழுதியதோடு நிறுத்திக்கொள்வார்கள். சேம்பர்ஸ் பாடம் சொல்லத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் கார்டைப் பொறுத்த எண்ணை எழுதுங்கள்: 1, 3, 5, 7. கார்டில் இல்லாத ஸ்கேல் ஸ்வரத்துக்கு வட்டம், இரண்டிலும் சேராத க்ரோமாட்டிக் ஸ்வரத்துக்கு அம்புக்குறி. அம்பின் முனை அது போய்ச் சேரும் ஸ்வரத்தைக் காட்டட்டும்.

பிறகு நான்காவது பீட்டுகளை மட்டும் தனித் தாளில் அடுக்குங்கள். எந்த மாதிரி எந்த ஸ்வரத்தை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். புரிவதற்காக நானே எழுதிய மூன்று மாதிரிகள் இவை (சேம்பர்ஸின் வரிகள் அல்ல). நான்காவது பாரிலிருந்து ஈ ஃபிளாட்டுக்குப் போக வேண்டும். பி ஃபிளாட், டி, எஃப், ஈ என்று வாசித்தால் மேலிருந்து செமிடோனில் இறங்குகிறோம். பி ஃபிளாட், ஏ ஃபிளாட், எஃப், டி என்றால் கீழிருந்து செமிடோனில் ஏறுகிறோம். பி ஃபிளாட், டி, எஃப், பி ஃபிளாட் என்றால் ஃபிஃப்த்திலிருந்து தாவுகிறோம். மூன்றையும் வாசித்து, ஐந்தாவது பார் எப்படி வந்து விழுகிறது என்று கேளுங்கள். முதல் இரண்டும் இழுத்துச் செல்லும், மூன்றாவது உறுதியாக ஊன்றும். எந்த இடத்தில் எந்த உணர்வைச் சேம்பர்ஸ் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் நீங்கள் தேடும் விடை.

அடுத்து வரியின் வடிவம். ஸ்வரப் பெயர்களை மறந்து, பன்னிரண்டு பாருக்கும் ஒரே கோடு இழுங்கள். மிக உயர்ந்த ஸ்வரம் எங்கே, மிகத் தாழ்ந்தது எங்கே, திசை எத்தனை பாருக்கு ஒருமுறை திரும்புகிறது? புதியவர்களின் வாக்கிங் ஒவ்வொரு பாரிலும் ரூட்டுக்குத் திரும்பி, பாருக்குப் பார் துண்டாகிவிடும். சேம்பர்ஸின் கோட்டை அதன் பக்கத்தில் வைத்தால், பார்க்கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரே திசையில் நீண்டு செல்லும் இடங்கள் கண்ணில் படும்.

விளக்கம் கிடைக்காத ஸ்வரங்களும் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரு தியரிப் பெயர் ஒட்டியே தீர வேண்டும் என்று முறுக்கிக்கொள்ள வேண்டாம். அவர் ஓடும் பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தார்.

10. பதிவோடு சேர்ந்து வாசிப்பது

தாளை மூடிவிட்டு, முழு வேகத்தில், பதிவோடு. கவனம் இப்போது ஸ்வரத்தில் இல்லை, நேரத்தில். டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப்பின் ரைடு சிம்பலில் (பீட்டைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே போகும் பெரிய சிம்பல்) உங்கள் தட்டு எங்கே விழுகிறது? ஒரு ஸ்வரம் எவ்வளவு நீளம் ஒலித்து அடுத்ததற்கு இடம் விடுகிறது? அந்தக் காலத்து டபுள் பேஸ்களில் பரவலாக இருந்தது குடல் நரம்பு. தட்டு தடிப்பாக இருக்கும், ஒலி சீக்கிரம் அடங்கும். பேஸ் கிதாரில் அந்த நீளத்தைக் கொண்டுவர விரலைப் பிரிட்ஜிலிருந்து தள்ளி, கழுத்தின் பக்கம் வைத்துப் பறியுங்கள். ட்ரெபிளைக் குறையுங்கள்.

ஒரு சோதனை: பதிவை ஓடவிட்டு நான்கு பாருக்கு மட்டும் ஒலியை மூடிவிட்டு, வாசித்துக்கொண்டே மீண்டும் திறங்கள். பெரும்பாலானோர் முந்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். இந்தச் சோதனையில் தேறும்வரை அடுத்த கோரஸைத் தொட வேண்டாம்.

11. வரியை உங்களுடையதாக்குவது

முழுக் கோரஸையும் பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கட்டத்தில் அது ஞாபகசக்திப் பயிற்சியாகத்தான் முடியும். நான்காவது பாரிலிருந்து ஐந்தாவது பாருக்கு, எட்டிலிருந்து ஒன்பதுக்கு என இரண்டு மூன்று துண்டுகளை மட்டும் வெட்டி, எஃப், ஈ ஃபிளாட், சி ஆகிய சுருதிகளில் பழகுங்கள். மேடையில் அடிக்கடி வரும் ப்ளூஸ் சுருதிகளில் இவையும் உண்டு.

பிறகு அந்தத் துண்டுகளை உள்ளே வைத்து உங்கள் சொந்தக் கோரஸ் ஒன்றை எழுதுங்கள். அடுத்த வாரம் எழுதாமல் வாசியுங்கள். எழுதாமல் வாசிக்கும்போது அந்தத் துண்டு தானாகக் கைக்கு வந்தால், எடுத்த வேலை பலித்தது.

12. அடுத்து எதை எடுப்பது

அதே நாளில் பதிவான ‘ஸோ வாட்’டில் ஒரு கோரஸ் எடுங்கள். 32 பார், கார்ட் இரண்டே இரண்டு. நடுவில் எட்டு பார் மட்டும் ஒரு செமிடோன் மேலே போகும். போய்ச் சேர அடுத்த கார்ட் இல்லாதபோது பேஸ் எதை நோக்கி நடக்கும் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. தொடக்கத்தில் தாளமில்லாமல் வரும் பியானோ, பேஸ் பகுதியையும், பேஸே மெட்டை வாசிக்கும் பகுதியையும் விட்டுவிட்டு, சோலோ தொடங்கும் இடத்திலிருந்து எடுங்கள்.

அதற்குப் பிறகு இன்னொரு பேஸிஸ்ட், ரே பிரவுன். அவர் பேஸ் வாசித்த, பியானோக் கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் டிரியோ 1962 டிசம்பரில் பதிவுசெய்த ‘நைட் டிரெயின்’ தொகுப்பில் ‘சி ஜாம் ப்ளூஸ்’ இருக்கிறது. சி-யில் 12 பார். அதிலிருந்து ஒரு கோரஸை இதே வரிசையில் எடுத்து, நான்காவது பீட்டுகளின் பட்டியலைச் சேம்பர்ஸின் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பீட்டர்சனின் இடது கை உங்களைக் கொஞ்சம் படுத்தும், ஆக்டேவ் ஏற்றிய பிரதியை முதல் நாளே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.